எங்கே நிறுத்துவது

கணினிப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும் ஆசிரியர்களிடம் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். எந்தச் செயலியை இறக்கிக்கொள்ள வேண்டும், எதைத் தொட்டால் எது திறக்கும், கடவுச்சொல் மறந்துபோனால் யாரைக் கூப்பிட வேண்டும். தேவையான சங்கதிகள்தாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் படத்தை வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்திவிட்டு என்ன கேட்பது, கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்பதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. கருவியை வைத்துப் பாடம் நடத்தப் பழகுவதில் முக்கால் பங்கு இதுதான் என்று நினைக்கிறேன். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் பள்ளியில் ப்ரொஜெக்டர் மாட்டிய அறை ஒன்றுதான். முறை போட்டு எல்லோரும் அங்கேதான் வகுப்பெடுப்போம். எனக்கு முந்தைய பிரிவேளையில் மற்றவர்கள் நடத்துவதை உட்கார்ந்து பார்த்து வந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

கரும்பலகையைப் பற்றி இப்போது யாரும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. சாக்பீஸ் தூசி, கோணல் கையெழுத்து, முதுகைக் காட்டி நிற்கும் வாத்தியார். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. எழுதுகிறவரின் கைவேகத்தைத் தாண்டி அதனால் ஓட முடியாது. இதயத்தின் படத்தைப் பலகையில் போடும்போது முதலில் கொஞ்சம் சாய்ந்த பை மாதிரி ஒன்று வருகிறது. பிறகு நெடுக்காக ஒரு சுவர், குறுக்காக ஒரு சுவர். அறைகள் நான்கு ஆன பிறகுதான் குழாய்கள். பிள்ளைகளின் பென்சில் கூடவே வருகிறது. அதே இதயம் ஸ்மார்ட் போர்டில் சிவப்பும் நீலமுமாகத் துடித்துக்கொண்டு ஒரே நொடியில் முழுசாக வந்து நிற்கிறது. பார்க்க அழகு, மறுக்க முடியாது. ஆனால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. கெட்டிக்கார ஆசிரியர் முழுப் படத்தையும் மறைத்துவிட்டு ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டுகிறார். பலகைக்கு இயல்பாக இருந்த நிதானத்தைத் திரையில் அவர் பாடுபட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நிறுத்த முடியாத கருவிகள் இந்த நாட்டு வகுப்பறைகளுக்கு வந்து போயிருக்கின்றன. 1975 ஆகஸ்டில் தொடங்கி ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. பக்கத்தில் ஆந்திரமும் கர்நாடகமும் இருந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. பொறியியல் நோக்கில் அது பெரிய சாதனை. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற கிராமத்து வாத்தியாருக்குப் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதைவிட்டால் நிகழ்ச்சி ஓடும்போது பெரிதாக என்ன வேலை இருந்திருக்கும்? பாடம் அதன் நேரத்துக்கு வந்து அதன் நேரத்துக்குப் போகும். கடைசி வரிசைப் பையனுக்குப் புரிந்ததா என்று வானத்தில் இருப்பதற்குத் தெரியாது. 2019 ஆகஸ்டில் நம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. மறு ஆண்டு கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது பல வீடுகளில் அதுதான் பள்ளிக்கூடம். அந்தப் பாடங்கள் யூடியூபிலும் ஏறியதால் நிறுத்தும் வசதி பார்க்கிறவர் கைக்கு வந்தது. வசதி வந்ததே தவிர, தனியாக உட்கார்ந்து பார்க்கும் பிள்ளை எங்கே நிறுத்துகிறது? தள்ளித் தள்ளி விட்டு முடிவுக்குப் போய்விடுகிறது. நிறுத்துவதற்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டும்.

எங்கள் கணித சார் ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர். நெடுநாள் கம்ப்யூட்டர் பக்கமே வராதவர், ஜியோஜீப்ராவைப் பார்த்தபின் விடாப்பிடியாகப் பழகிக்கொண்டார். சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்ற ஆஸ்திரியர் 2001-ல் தன் முதுநிலைப் படிப்புக்கான ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் அது. காசு கிடையாது. அதைவிட முக்கியம், ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நெட் இல்லாத நாளில் ஓடாத எதையும் நம் பள்ளிகளில் நம்பிப் பாடக்குறிப்பு எழுத முடியாது.

முக்கோணத்தின் செங்கோட்டு மையம் பாடம். திரையில் ஒரு குறுங்கோண முக்கோணம், மூன்று குத்துக்கோடுகள், அவை வெட்டும் புள்ளி உள்ளே. மௌஸால் மேல் முனையைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தார். கோணம் விரிய விரிய, புள்ளி அந்த முனையை நோக்கி ஏறிக்கொண்டே போனது. சரியாக 90 பாகை வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"எங்கடா போச்சு?"

"மூலையிலயே போய் உக்காந்துட்டுது சார்."

"இன்னும் இழுத்தா?"

ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் இழுக்கவில்லை. நோட்டை எடுக்கச் சொன்னார். விரிகோண முக்கோணம் ஒன்று வரைந்து செங்கோட்டு மையத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, மானிட்டரைப் பார்த்தபடி நின்றார். காம்பஸை வைத்துக்கொண்டு பிள்ளைகள் திணறினார்கள். பக்கத்தைப் புள்ளிக்கோடாக வெளியே நீட்டினால்தான் குத்துக்கோடு விழும். தேர்வில் மதிப்பெண் போகும் இடமே அதுதான். இரண்டு பெண்கள் மட்டும் நீட்டினார்கள். அதற்குப் பிறகுதான் முனையை இழுத்தார். புள்ளி முக்கோணத்தை விட்டு வெளியே நழுவியது. திரையில் அது நழுவ ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்கு முன் பத்து நிமிடத்துக்கு மேல் திரை சும்மா இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்து, கரண்ட் வீணாகிறதே என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

புதிய கருவி ஒன்று வகுப்புக்குள் வருவதற்குச் சென்னையிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. 1789-ல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தன் பள்ளியிலும் அதைச் செய்யலாமே என்று திரும்பி வந்து உதவியாசிரியரிடம் சொன்னார். இது நடக்கிற காரியமில்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தரும் நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை முறையும் மணலும் அப்படியே கப்பலேறி, 1797-ல் பெல் லண்டனில் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவின. மணல் தட்டுகளில் ஆங்கிலப் பிள்ளைகள் எழுத்துப் பழகினார்கள்.

மணல் அன்றைக்கு அந்தப் பள்ளிக்குப் புதிய தொழில்நுட்பம். அது ஒன்றையும் வேகமாக்கவில்லை. செலவைக் குறைத்தது, தப்பை ஒரு தடவலில் அழிக்க விட்டது, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் அதன் எட்டும் உயரத்தில் இருந்தது. எட்டும் உயரம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில், சுவரின் அடிப்பகுதியில் தரையை ஒட்டிக் கரும்பலகை பூசி, ஆளுக்கொரு பகுதி பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பறையில் மாட்டும் ஸ்மார்ட் போர்டில் மேல் பாதியைத் தொட பிள்ளை நாற்காலியில் ஏற வேண்டும். மாட்டுகிறவர் தன் கண் மட்டத்துக்கு மாட்டிவிட்டுப் போகிறார். சின்ன விஷயம்தான், ஆனால் யாருக்காக வந்த பலகை அது என்று சுவரைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது.

பெல்லிடம் கையை விரித்த அந்த உதவியாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். வகுப்பின் முன் தெரியாதவனாக நிற்பது நம் ஊரில் லேசான காரியமில்லை. வாத்தியாருக்குத் தெரியாதது இருக்கக் கூடாது என்றுதான் ஊரும் நினைக்கிறது, வாத்தியாரும் நினைக்கிறார். ப்ரொஜெக்டரில் 'சிக்னல் இல்லை' என்று நீலத்திரை வந்து நிற்கும்போது நாற்பது ஜோடிக் கண்கள் முதுகில் குத்தும். அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வருவான். பெரும்பாலும் கணக்கில் தேறாதவன். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகி, ரிமோட்டில் எதையோ மாற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி போய் உட்காருவான். எட்டு வயது ஃபிரிஸ்கன்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் அவனை வரவிடுவதில்லை. படத்தையே கைவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். சிலர் "வாடா, வந்து பாரு" என்கிறார்கள். பிற்பாடு கருவியோடு பழக்கமானவர்கள் யார் என்று பார்த்தால் இந்த இரண்டாம் வகைதான். பயிற்சியில் வாங்கிய சான்றிதழுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆசிரியர்கள் புதியதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சுளிப்பு உண்மைதான், காரணம் வேறு. பெரும்பாலான ஆசிரியர்களின் கைக்குத் தொழில்நுட்பம் முதன்முதலில் பதிவேடாகத்தான் வந்தது. வருகை, சீருடை, காலணி, பாடநூல் கொடுத்த கணக்கு, உயரம், எடை, மதிப்பெண் எல்லாம் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற வேண்டும். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பா, மொட்டா, மலரா என்ற மதிப்பீடும் செயலியில். இந்தப் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்பது ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைகளில் நீண்ட காலமாக இருந்துவருகிறது. கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளை எந்தப் பள்ளியில் நின்றுபோனது என்று மாநில அளவில் தெரிவது நல்லதுதான். ஆனால் காலையில் கையில் எடுக்கும் போன் முதலில் கேட்பது கணக்கு என்றால், மத்தியானம் அதே போனைப் பாடத்துக்கு எடுக்க மனம் வராது. 2018-ல் புதிய பாடநூல்களின் ஓரத்தில் க்யூஆர் குறிகள் அச்சாகி வந்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன். வகுப்பில் பிள்ளைகள் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் அவற்றை ஸ்கேன் செய்தது ஆசிரியரின் சொந்தப் போன், சொந்த நெட் பேக். பிற்பாடு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கையடக்கக் கணினிகள் தருவதாக அரசு அறிவித்தது. செலவு ஆசிரியர் தலையிலிருந்து இறங்குவது நியாயம். அந்தக் கணினியில் பாடம் எத்தனை நேரம், படிவம் எத்தனை நேரம் என்று யாராவது கணக்கெடுத்தால், அந்த ஒரு கணக்கை நானே மகிழ்ச்சியாக ஏற்றிக் கொடுப்பேன்.

என் வகுப்புக்கு நான் எடுத்துக்கொண்டது போனில் உள்ள ஒலிப்பதிவு மட்டும். செய்யுளை ஒரு பிள்ளை வாசிக்கும், பதிவு செய்வேன், போட்டுக் காட்டுவேன். முதலில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது என் கொரலா ஐயா?" இரண்டாம் முறை போடும்போதுதான் காது சொல்லுக்குப் போகும். எங்கள் பக்கத்தில் ழகரம் பேச்சில் ளகரமாகத்தான் வரும். ஊர்ப்பேச்சில் அது குற்றமே இல்லை, நானும் வீட்டில் அப்படித்தான் பேசுகிறேன். செய்யுளை வாய்விட்டு வாசிக்கும்போது மட்டும் ழகரத்தைக் கேட்பேன். நான் குறுக்கிட்டுத் திருத்தினால் பிள்ளையின் தலை குனிகிறது. தானே கேட்டால் குனிவதில்லை. அந்தச் சொல் முடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு நான் பேசாமல் இருப்பேன். பேசாமல் இருப்பது தமிழாசிரியனுக்குப் பழக்கமில்லாத வேலை. "இன்னொரு தடவ வாசிக்கிறேன் ஐயா" என்று பிள்ளை கேட்கும்வரை இருக்க வேண்டும். வகுப்பு முடிவதற்குள் எல்லாப் பதிவையும் அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன். பிள்ளைகளின் குரலும் முகமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பெருமை என்று நினைக்கும் பள்ளிகள் பெருகிவிட்டன. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை.

இவ்வளவும் சொன்னாலும் நான் பார்த்ததில் நல்ல வகுப்பு எங்கள் அறிவியல் டீச்சருடையது. அதில்தான் எனக்கும் அவருக்கும் இன்னும் தீராத ஒரு சச்சரவும் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மின்னோட்டம். அவர் எடுத்தது ஃபெட் என்ற பாவனைச் செயலி. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற மறு வருடம், 2002-ல், கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி. இலவசம், தமிழிலும் உண்டு. திரையில் ஒரு பேட்டரி, வரிசையாக இரண்டு பல்பு, திறந்த சுவிட்ச். வயருக்குள் நீல நிற உருண்டைகளாக எலக்ட்ரான்கள் அசையாமல் நின்றன. சுவிட்சைத் தொடாமல் கேட்டார்: "எந்த பல்பு முதல்ல எரியும்?"

பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பது என்று ஏறக்குறைய மொத்த வகுப்பும் கைதூக்கியது. "கரண்ட் அதுக்குத்தான மிஸ் முதல்ல போய்ச் சேரும்?" இரண்டும் சேர்ந்து எரியும் என்று நான்கைந்து பேர். இரண்டாவதுதான் முதலில் எரியும் என்று ஒருவன், வம்புக்கு. டீச்சர் சரி, தப்பு எதுவும் சொல்லாமல் எண்ணிக்கையைப் பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார். பிள்ளைகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும்வரை நின்றார். பிறகு சுவிட்சைப் போட்டார். உருண்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நகர, இரண்டு பல்பும் ஒன்றாக எரிந்தன. "மறுபடி போடுங்க மிஸ்" என்று ஒரே கூச்சல். பாடம் தொடங்கியதுமே போட்டிருந்தால் பல்பு எரிந்தது என்பதோடு போயிருக்கும். கைதூக்கி ஒரு கட்சியில் சேர்ந்தபின் எரிந்ததால்தான் அது சங்கதியானது.

இந்தப் பாவனையில் பொய்யும் கலந்திருக்கிறது என்பதை டீச்சரே சொல்வார். எலக்ட்ரானுக்கு நிறம் ஏது? ஆனால் தேர்வில் எலக்ட்ரான் நீல நிறமானது என்று எழுதிய தாளை எனக்குக் காட்டியிருக்கிறார். உண்மையான கம்பியில் அவை நகரும் வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இராதாம். திரையில் குடுகுடுவென்று ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் வயர் ஒருபோதும் லூஸாவதில்லை. அதனால் டார்ச் பல்பும் செல்லும் கொடுத்து மேசையிலும் செய்யவிட்டார். பாதிப் பேருக்கு எரியவில்லை. வயரின் முனையைச் சுரண்டாமல் விட்டது, செல் தீர்ந்தது, ஹோல்டரில் பிடிப்பில்லாதது. எரியாத பல்புக்குக் காரணம் தேடியதில் அந்தப் பிரிவேளை முடிந்தது.

மறுநாள்தான் ஒரு பெண் கேட்டாள்: "எல்லாம் ஒண்ணாக் கிளம்புதுன்னா, கடைசியில இருக்கிற எலக்ட்ரானுக்கு சுவிட்ச் போட்டது எப்படி மிஸ் தெரியும்?"

இதற்குத் திரையில் எதுவுமில்லை. டீச்சர் ப்ரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, கொடிக்கம்பத்துக்கு வாங்கி வைத்திருந்த கயிற்றை எடுத்துவரச் சொன்னார். இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கி, பிள்ளைகளை மைதானத்தில் வட்டமாக நிறுத்தி, கயிறு உள்ளங்கையில் வழுக்கிப் போகிற மாதிரி தளர்வாகப் பிடிக்கச் சொன்னார். ஓரிடத்தில் அவர் நின்று இழுத்தார். இழுத்த மாத்திரத்தில் எதிர்ப்பக்கத்துப் பிள்ளையின் கைக்குள்ளும் கயிறு நகர்ந்தது. "உன்கிட்ட யார் சொன்னது?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். பிறகு ஒருவனை மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வட்டம் முழுக்கக் கயிறு மெதுவானது. இறுக்கியவன் "சுடுது மிஸ்" என்று கையை உதறினான். "நீதான் பல்பு" என்றார். ஒருவன், "கயித்துல முடிச்சு இருக்கே மிஸ், கரண்ட்டுல முடிச்சு எங்க?" என்றான். அது கயிற்றின் குறை, மின்சாரத்தினுடையது அல்ல என்று சொல்லிப் புரியவைக்க அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது.

கயிற்றை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்பது என் கட்சி. கையில் உணர்ந்ததைப் பிறகு திரையில் பார்த்தால், நீல உருண்டைகள் வெறும் படம்தான் என்று பிள்ளைக்குத் தானாகவே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த இலக்கணமும் அப்படித்தான், பேச்சு முதலில், விதி பிறகு.

டீச்சர் ஒப்புக்கொள்வதில்லை. "கயித்த முதல்ல குடுத்தா இதுங்க இழுவைப் போட்டிதான் ஐயா நடத்தும். ரெண்டு பல்பும் ஒண்ணா எரிஞ்சு, நாம நெனச்சது பொய்னு ஆனாத்தான் கேள்வியே வரும். கேள்வி வந்தாத்தான் கயிறு எதுக்குன்னு தெரியும்."

"பி பிரிவுக்கு என் வழியில ஒரு தடவ நடத்திப் பாருங்களேன் டீச்சர்."

"பாக்கலாம். ஆனா கயிறு நீங்க வாங்கித் தரணும். இத பி.டி. சார் திருப்பிக் கேட்டுட்டாரு."